திறந்த ஏடு, வாசிக்காத ஊர்

ஆண்டிபட்டியில் கூடும் எங்கள் வாசகர் வட்டம் சிறுகதையையும் பழம்பாடலையும் விட்டுவிட்டு வேறொன்றைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசியது அநேகமாக இதுதான் முதல் முறை. இணையத்தில் டோக்கன்களை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ள உதவும் திறந்த நெறிமுறைகளைப் பற்றித்தான் பேசினோம். கூட்டம் முடிந்து படியிறங்கும்போது மூத்த நண்பர் ஒருவர் சலிப்போடு சொன்னார்: "இலக்கியம் பேச வந்த இடத்தில் சூதாட்டம் பேசிக்கொண்டிருந்தோம். எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை?" அவர்மீது எங்களுக்கு மிகுந்த மதிப்புண்டு. ஆயினும் அவர் கேட்ட கேள்வியை அப்படியே விட்டுவிட மனம் ஒப்பவில்லை. அவருக்கு எதிர்வரிசையில் அமர்ந்து "இனி உலகத்தில் தரகன் என்றொருவன் இல்லை" என்று ஆரவாரம் செய்த இளைய நண்பர்களையும் விட்டுவிட முடியவில்லை. முதலாமவர் வாசிக்க மறுக்கிறார். இவர்கள் வாசிக்காமலே நம்புகிறார்கள். இரண்டும் ஒரே குறையின் இரு முகங்கள் என்பது எங்கள் கட்சி.

பேச்சு எப்படித் தொடங்கியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். எங்கள் வட்டத்து நண்பர் ஒருவர் சக்கம்பட்டியில் தறி ஓட்டும் குடும்பத்தைச் சேர்ந்தவர். குறுந்தொகைக்கு உரை சொல்லத் தொடங்கினால் பிறர் வாய் திறக்க முடியாது. பாவும் ஊடும் வேறொருவருடையவை. சேலைக்கு இவ்வளவு என்ற கூலி மட்டும் தம்முடையது என்ற நிலையிலிருந்து விலகிச் சொந்தமாக இரண்டு தறி போட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்கென்று சேர்த்த 1,80,000 ரூபாயை ஒரு புதிய டோக்கனில் போட்டார். தேனியில் ஒரு கூட்டம் நடந்ததாம். திரையில் படம் காட்டினார்களாம். "இதற்கு முதலாளி இல்லை, நிரல் எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது, ஏமாற்ற வழியே இல்லை" என்றார்களாம். வாங்கினார். விலை நாள்தோறும் ஏறியது. ஒரு நாள் விற்கப் போனபோது விற்க முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை. பிறகு விலையே இல்லை.

இதில் எங்களைத் தூங்கவிடாத செய்தி ஒன்று உண்டு. அந்தக் கூட்டத்தில் சொல்லப்பட்டவற்றுள் ஒன்று முழு உண்மை. நிரல் திறந்தேதான் கிடந்தது.

அதைப் பிறகு சொல்கிறோம். அதற்கு முன், இந்த நெறிமுறைகள் என்ன செய்கின்றன என்பதை ஊர்வழக்கில் சொல்லிப் பார்ப்பது நல்லது. ஏனெனில் மூத்த நண்பர் இவற்றைச் சூதாட்டம் என்கிறபோது கருவியையும் அதைக் கையாண்ட கையையும் ஒன்றாக்கிவிடுகிறார்.

2017ஆம் ஆண்டு எத்தீரியம் வலையமைப்பில் வெளியான 'சீரோ எக்ஸ்' என்ற நெறிமுறையை எடுத்துக்கொள்வோம். "என்னிடமுள்ள இந்த டோக்கனில் இத்தனை தருகிறேன், அதற்கு ஈடாக அந்த டோக்கனில் இத்தனை வேண்டும், இந்தத் தேதி வரை இது செல்லும்" என்று ஒருவர் ஒரு சீட்டு எழுதி மின்கையொப்பம் இடுகிறார். சீட்டு எவர் கையில் வேண்டுமானாலும் போகலாம். அதை ஏற்றுக்கொள்ள ஒருவர் வந்ததும் வலையமைப்பில் பதிந்து கிடக்கும் ஒப்பந்த நிரல் இரு பக்கத்துச் சரக்கையும் ஒரே கணத்தில் கைமாற்றுகிறது. ஒரு பக்கம் குறைந்தால் மறுபக்கமும் நகராது. பணத்தை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு "நாளைக்கு வா" என்று சொல்ல நடுவில் ஆளில்லை. அதற்கு முன்பு பரிமாற்றமென்றால் பெரும்பாலும் ஒரு நிறுவனத்திடம் உடைமையை ஒப்படைத்துவிட்டு அதன் நாணயத்தை நம்பியிருக்க வேண்டும். அந்த நம்பிக்கை என்னவாகும் என்பதை 2024 ஜூலை 18 அன்று இந்தியாவிலேயே கண்டோம். வஸீர்எக்ஸ் நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் பெறுமானமுள்ளவை களவு போயின. வாடிக்கையாளர்களின் கணக்குகள் முடங்கின. அதையொட்டிய வழக்கொன்றில்தான் சென்னை உயர்நீதிமன்றம் 2025 அக்டோபரில் கிரிப்டோ நாணயமும் ஒருவருக்கு உரிய சொத்தே என்று சொன்னது. நண்பருடைய கதை இதனோடு சம்பந்தமில்லாதது. அவர் எந்த நிறுவனத்திடமும் பணத்தை ஒப்படைக்கவில்லை. திறந்த நெறிமுறை ஒன்றின் வழியாகத்தான் வாங்கினார். நெறிமுறை தன் கடமையைப் பிசகின்றிச் செய்தது.

2018 நவம்பரில் வந்த 'யூனிஸ்வாப்' இன்னொரு வழியைக் காட்டியது. அதில் சீட்டு எழுதி ஆளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பொதுக்கூடை ஒன்று இருக்கிறது. எங்கள் ஊர்ப் பூச்சந்தையை வைத்துச் சொல்கிறோமே. ஒருவர் 100 கிலோ மல்லிகையும் 50,000 ரூபாயும் கூடையில் வைக்கிறார். (பூ வாடும் என்பதை இக்கணக்குக்கு மட்டும் மறந்துவிடுவோம்.) இரண்டையும் பெருக்கினால் 50 லட்சம். யார் எதை எடுத்தாலும் எதைப் போட்டாலும் அந்தப் பெருக்குத்தொகை குறையக் கூடாது என்பதே விதி. தொடக்கத்தில் விலை கிலோ 500 ரூபாய். ஒருவர் 20 கிலோ எடுக்க வருகிறார். மீதி 80 கிலோ. 50 லட்சத்தை 80ஆல் வகுத்தால் 62,500. ஆக, அவர் 12,500 ரூபாய் வைத்தாக வேண்டும். கிலோவுக்கு 625 ஆகிறது. அவர் போன பிறகு கூடையின் விலை 781 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. கூவுகிறவரும் இல்லை, கணக்குப்பிள்ளையும் இல்லை. துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் மாட்டுச்சந்தையைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, விலை பிறக்கும் விதி இப்படி வெட்டவெளியில் எழுதிக் கிடப்பது உண்மையிலேயே வியப்பாக இருந்தது. எங்கள் வியப்பை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் கணக்கை அதோடு நிறுத்தக் கூடாது. இளைய நண்பர்கள் நிறுத்தினார்கள். கூடை வைத்தவர் என்ன ஆனார்? இப்போது கூடையில் 80 கிலோவும் 62,500 ரூபாயும். புதிய விலைக்கு மொத்தம் 1,25,000. அவர் கூடையே வைக்காமல் பூவையும் பணத்தையும் வீட்டில் வைத்திருந்தால் அதே விலைக்கு 1,28,125 ரூபாய் கையிலிருக்கும். விலை நகர்ந்ததால் மட்டும் 3,125 ரூபாய் குறைவு. ஒவ்வொரு பரிமாற்றத்திலும் கிடைக்கும் நூற்றுக்கு முப்பது காசு கட்டணம் இந்தக் குறையை ஈடுகட்டினால் லாபம், இல்லையேல் நட்டம். இது மோசடி அன்று. விதியிலேயே இருப்பது. எட்டாம் வகுப்புக் கணக்கு. ஆனால் "கூடையில் பணம் போடுங்கள், தூங்கும்போதும் சம்பாதியுங்கள்" என்று மேடையேறிச் சொல்கிறவர்கள் இதைப் போட்டுக் காட்டுவதில்லை.

இனி அந்த நிரல். பொறியியல் படிக்கும் மாணவி ஒருவர் கூட்டத்துக்கு வந்திருந்தார். நண்பர் வாங்கிய டோக்கனின் ஒப்பந்த நிரலைத் திரையில் விரித்து, வரி வரியாகத் தமிழில் சொல்லத் தொடங்கினார். பெரும்பகுதி எல்லா டோக்கனுக்கும் பொதுவானது. யாரோ எழுதியதைப் பிரதியெடுத்தது. நடுவே பன்னிரண்டு வரிகள் வேறு. டோக்கனை ஒருவர் அனுப்ப முயலும்போது அனுப்புகிறவர் யார் என்று அவை பார்க்கின்றன. கூடையிலிருந்து வாங்குகிறவருக்குப் போகிறதென்றால் விடு. கூடைக்குத் திரும்பி வருகிறதென்றால், அதாவது ஒருவர் விற்க முயல்கிறாரென்றால், அவருடைய முகவரி உருவாக்கியவரின் முகவரிதானா என்று பார். இல்லையென்றால் மறுத்துவிடு. அவ்வளவுதான். எல்லாரும் வாங்கலாம், ஒருவர் மட்டுமே விற்கலாம். விலை நாள்தோறும் ஏறியதன் மர்மமும் அதுவே. இறக்க ஆளே இல்லாத இடத்தில் விலை ஏறாமல் என்ன செய்யும்?

அறையில் யாரும் பேசவில்லை. நண்பர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இது நான் வாங்குவதற்கு முந்தியே இப்படித்தான் இருந்ததா?" என்று கேட்டார். இருந்தது. அவர் பணம் கட்டிய நாளுக்கு முன்பே எவரும் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தது. உலகத்தில் எவ்வளவோ மோசடிகள் பூட்டிய அறையில் நடக்கின்றன. இது கோவில் மதிலில் பொறித்து வைத்ததுபோல் இருந்தது. அவரால் அதை வாசிக்க முடியாது என்ற ஒன்றைத் தவிர வேறு மறைப்பே தேவைப்படவில்லை. இது புதிய தந்திரமும் அன்று. 2021 அக்டோபர் இறுதியில் கொரியத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பெயரால் விற்கப்பட்ட 'ஸ்குவிட்' டோக்கன் சில நாளில் 2,800 டாலரைக் கடந்து, நவம்பர் 1 அன்று சில நிமிடங்களில் ஒன்றுமில்லாமல் போனதே, அதிலும் வாங்கியவர்களால் விற்க முடியவில்லை. அதை வாங்கியவர்களில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் நிறையப் பேர். நிரல் தெரிந்தவர்கள் இல்லை. அல்லது தெரிந்தும் பார்க்கவில்லை.

ஆகவே 'திறந்த' என்ற சொல்லின்மேல் எங்களுக்கு இப்போது கோபம் இருக்கிறது. தமிழில் கணினித் துறையினர் நெடுநாளாக 'கட்டற்ற மென்பொருள்' என்று சொல்லி வருகிறார்கள். நல்ல சொல். ஆங்கிலச் சொல்லில் விடுதலைக்கும் இலவசத்துக்கும் இடையே உள்ள மயக்கம் இதில் இல்லை. 'திறந்த மூலம்' என்பது 1998க்குப் பிறகு வணிக உலகத்துக்கு உவப்பாக வந்த வழக்கு. இரண்டும் ஒன்றல்ல என்பதை யூனிஸ்வாப்பின் வரலாறே காட்டுகிறது. 2021இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பின் நிரலை எவரும் வாசிக்கலாம். ஆனால் எடுத்து வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இரண்டாண்டுக் கட்டு இருந்தது. 2023 ஏப்ரலில்தான் அக்கட்டு அவிழ்ந்தது. 2025 ஜனவரியில் வந்த நான்காம் பதிப்பும் அப்படியொரு காலக்கட்டோடுதான் வந்தது. முந்தைய நிரலைப் பிரதியெடுத்து 2020இல் 'சூஷிஸ்வாப்' கிளம்பியதைப் பார்த்தவர்கள் இப்படிச் செய்ததில் ஆச்சரியமில்லை. தம் உழைப்பைக் காத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. எங்கள் வழக்கு அதுவல்ல. சன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் கதவைத் திறந்ததாகச் சொல்லக் கூடாது என்பதே.

'தரகன் ஒழிந்தான்' என்ற முழக்கத்துக்கு வருவோம். இதற்குப் பதில் தேட அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. எங்கள் ஊரிலிருந்து மேற்கே போனால் போடிநாயக்கனூர். அங்கே நறுமணப் பொருள் வாரியம் 2007இல் ஏலக்காய்க்கு மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. 2021 ஜனவரியில் போடியையும் மலைக்கு அப்பால் புற்றடியையும் ஒரே ஏலத்தில் இணைத்தார்கள், இரண்டில் எங்கிருந்தும் கேட்கலாம். இன்ன குவியலுக்கு இன்ன விலை என்பது எல்லார் கண் முன்னும் திரையில் எரிகிறது. பழைய ஏலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம், மறுப்பவர் இல்லை. ஆனால் ஏலத்தில் எடுத்த காயையே வியாபாரிகள் மறுபடி ஏலத்துக்குக் கொண்டுவந்து வரத்தைப் பெருக்கிக் காட்டுகிறார்கள் என்று விவசாயிகள் ஆண்டுக்கணக்காக முறையிட்டு வந்திருக்கிறார்கள். 'ரீபூலிங்' என்று அதற்குப் பெயரே விழுந்துவிட்டது. திரை பொய் சொல்லவில்லை. திரைக்கு வருமுன் நடப்பதைத் திரை காட்டாது, அவ்வளவுதான்.

டோக்கன் சந்தையில் இதைவிட நுட்பமாக நடக்கிறது. நீங்கள் வாங்க விரும்புவதாக அனுப்பும் ஆணை, பதிவேட்டில் ஏறுமுன் சில நொடிகள் எல்லார் கண்ணிலும் படும்படி காத்திருக்கிறது. அதற்கென்றே விழித்திருக்கும் நிரல்கள் அதைப் பார்க்கின்றன. உங்களுக்கு முன்னே ஓடிப்போய் அதே சரக்கை வாங்குகின்றன. நாம் மேலே போட்ட கணக்கின்படி விலை ஏறுகிறது. ஏறிய விலைக்கு நீங்கள் வாங்குகிறீர்கள். உடனே அவை விற்றுவிட்டுப் போகின்றன. ரொட்டிக்கு நடுவே வைத்ததுபோல் உங்களை வைத்துவிடுவதால் அதற்கு 'சாண்ட்விச்' என்று பெயர். அதிகாலையில் பூ மூட்டையோடு வருகிறவரை வழியிலேயே மறித்து விலை தெரிந்துகொண்டு சந்தைக்குள் முந்தி ஓடும் ஆளைப் பார்த்திருக்கிறோம். அவன் பெயர் தரகன் என்றால் இதன் பெயர் என்ன? கமிஷன் கடைக்காரர் நூற்றுக்குப் பத்து எடுத்தாலும் பெண் கல்யாணத்துக்கு முன்பணம் கொடுப்பார். அதைச் சொல்லியே அடுத்த ஆண்டுப் பூவையும் கட்டிப்போடுவார். நல்லவர் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் வீடு எங்கிருக்கிறது என்று தெரியும். வாசலில் போய் நின்று சத்தம் போடலாம்.

ஆளுகையிலும் இதே கதை. 2020 செப்டம்பரில் யூனிஸ்வாப் தன்னைப் பயன்படுத்திய ஒவ்வொருவருக்கும் 400 டோக்கன் கொடுத்து, இனி முடிவுகளை வாக்கெடுத்துச் செய்வோம் என்றது. மக்களாட்சி என்று கொண்டாடினார்கள். டோக்கனுக்கு ஒரு வாக்கு. ஆளுக்கு ஒரு வாக்கு அன்று. 2025 நவம்பரில், கூடை வைத்தவர்களுக்கே போய்க்கொண்டிருந்த கட்டணத்தில் ஒரு பங்கை எடுத்து வாக்கு டோக்கன்களை எரிக்கப் பயன்படுத்தலாம் என்ற முன்மொழிவு வந்தது. எரித்தால் எஞ்சிய டோக்கன் வைத்திருப்பவருக்கு மதிப்பு கூடும். வாக்களிப்பவரும் அவரே. எங்களுக்கு உத்திரமேரூர் நினைவுக்கு வந்தது. பராந்தக சோழன் காலத்தில், 919ஐயும் 921ஐயும் ஒட்டி வெட்டப்பட்ட அக்கல்வெட்டுகளில் குடவோலை முறையின் விதிகள் தமிழில் உள்ளன. கால்வேலிக்கு மேல் நிலமும் தன்மனையில் வீடும் உள்ளவனே ஓலையில் பெயர் எழுதத் தகுதியுள்ளவன். விதியைக் கல்லில் வெட்டிப் பொதுவில் வைத்தது பெருமை. நிலமில்லாதவனை வெளியே நிறுத்தியதும் அதே கல்தான். ஆனால் ஒன்று: கணக்குக் காட்டாதவனும் அவன் சுற்றத்தாரும் மறுபடி வாரியத்துக்கு வரக் கூடாது என்றும் அங்கே எழுதியிருக்கிறது. அந்த விதியை எந்த டோக்கன் ஆளுகையில் தேடுவது?

இதையெல்லாம் சொல்வதால் முன்னேற்றமே இல்லை என்கிறோம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்னேற்றம் இருக்கிறது, ஆரவாரம் கேட்கும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான். சீரோ எக்ஸின் அண்மைக்கால ஒப்பந்தத் தொகுதியான 'செட்லர்' ஒரு நல்ல எடுத்துக்காட்டு. முன்பெல்லாம் பரிமாற்றம் செய்ய வேண்டுமானால் உங்கள் பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலையான அனுமதியை ஒப்பந்தத்துக்கு எழுதிக்கொடுத்துவிட வேண்டும். பலர் கணக்கில்லாத அளவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு மறந்தும் போனார்கள். அந்த ஒப்பந்தத்தில் பிழை ஒன்று அகப்பட்டால் அன்றைய பரிமாற்றம் மட்டுமல்ல, பெட்டியே காலி. செட்லர் அப்படி நிலையான அனுமதி எதையும் தன் பெயரில் வாங்கிக்கொள்வதில்லை. அந்தந்த வேளைக்கு, அந்தந்த அளவுக்கு, காலம் குறித்துக் கையொப்பமிட்டால் போதும். வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கிய வட்டிக்கடைகளால் குடும்பங்கள் அழிந்த நாட்டில் இது எவ்வளவு பெரிய சீர்திருத்தம் என்பது விளக்கம் தேவையில்லாமல் புரிய வேண்டும். புரியவில்லை, ஏனெனில் தமிழில் அதைச் சொல்ல ஆளில்லை. "பத்து மடங்கு, நூறு மடங்கு" என்று சொல்லத்தான் ஆட்கள் இருக்கிறார்கள்.

இங்கேதான் மூத்த நண்பரோடு எங்கள் வழக்கு. எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்டாரே, தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்று நாமெல்லாரும் கொண்டாடும் மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்ன வேலை செய்தார்? பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வந்தது. அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே, 1862இல், அவர் சித்தாந்த சங்கிரகம் வெளியிட்டார். ஆங்கிலத்தில் இருந்த நீதிமன்றத் தீர்ப்புகளின் தமிழாக்கம் அது. தீர்ப்புகள் அன்று இரகசியமாக இருக்கவில்லை. அச்சாகித் திறந்தேதான் கிடந்தன. ஆங்கிலம் தெரிந்த வக்கீலும் குமாஸ்தாவும் அவற்றை வாசித்துச் சொல்வதற்குக் கூலி வாங்கினார்கள். கட்சிக்காரன் அவர்கள் வாயைப் பார்த்து நின்றான். முன்சீப்பாக இருந்த ஓர் எழுத்தாளர் அதைத் தம் வேலையென்று எடுத்துக்கொண்டார். இன்று நிரலுக்கும் நமக்கும் நடுவே நிற்கிறவர்கள் யார்? தேனியில் திரைபோட்டுப் படம் காட்டியவர்கள். தரகன் ஒழியவில்லை. சந்தைக்கு நடுவே நின்றவன் வாசிப்புக்கு நடுவே வந்து நிற்கிறான். அவனை அகற்ற மொழியறிந்தவர்களால்தான் முடியும். அந்தக் கூட்டத்தில் நாமும் சேர்த்தி.

அரசு தன் பங்குக்கு 2022 ஏப்ரல் முதல் லாபத்தில் நூற்றுக்கு முப்பது வரியும், ஜூலை முதல் ஒவ்வொரு விற்பனையிலும் நூற்றுக்கு ஒன்று பிடித்தமும் வைத்திருக்கிறது. ஒரு டோக்கனில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் கூடாது. வரி வாங்கத் தெரிந்த இடத்திலிருந்து எச்சரிக்கையும் தமிழில் வரலாம் என்று எதிர்பார்ப்பது பேராசையாகாது. வரும் வரை கைகட்டி நிற்க வேண்டுமா என்பதுதான் எங்கள் கேள்வி.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டோம். அந்தப் பன்னிரண்டு வரிகளை மாணவி வாசித்தபோது 'ரிக்வயர்' என்று தொடங்கும் வரி ஒன்று வந்தது. அனுப்புகிறவர் உருவாக்கியவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கேதான் இருந்தது. அவர் அதை, "அனுப்புகிறவர் உருவாக்கியவராக இருத்தல் தேவை" என்று சொன்னார். அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்த நண்பர் திரும்பினார். "தேவை என்றால் இருந்தால் நல்லது என்றும் பொருள் வரும் அம்மா. இல்லாவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டார். "எதுவுமே நடக்காது ஐயா, எல்லாம் பழையபடி திரும்பிவிடும்" என்றார் மாணவி. "அப்படியானால் 'இன்றேல் இல்லை' என்று எழுதிக்கொள்" என்றார் அவர். மாணவி எழுதிக்கொண்டார். எங்கள் நண்பர், தறிக்குச் சேர்த்த பணத்தை இழந்தவர், முதல் முறையாக அந்த வரியைத் தானே வாய்விட்டு வாசித்தார்.

அடுத்த கூட்டத்தில் செட்லரின் அனுமதிப் பகுதியை எடுத்துக்கொள்வதாக இருக்கிறோம். மூத்த நண்பருக்கும் சொல்லியனுப்பியிருக்கிறோம்.